எழுபது மைலில் ஒரு சுருதி

பியூக் ஜிஎஸ் 455, 1970ஆம் வருட மாடல். அதுவரை ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்க அனுமதித்ததில்லை. அந்த வருடம் தடை விலகியதும் பியூக் 455 கன அங்குல வி8 எஞ்சினை இதற்குள் இறக்கிவிட்டது. முறுக்கு விசை 510 பவுண்டு-அடி. அதைவிட முக்கியமானது, அந்த விசை கிடைக்கும் இடம்: 2800 ஆர்.பி.எம். அலறவிட்டுப் பலம் வாங்க வேண்டிய எஞ்சின் அல்ல இது. மெதுவாகச் சுழலும்போதே தன் பலத்தை எல்லாம் தந்துவிடும்.

இப்படிப்பட்ட எஞ்சினுக்குப் பின்னால் அவர்கள் வைத்த ஆக்சில் விகிதங்களில் ஒன்று 3.64. பினியனில் 11 பல், கிரவுனில் 40 பல். டெட்ராயிட்டின் உட்வர்ட் அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் பாய்ந்த காலம் அது. பச்சை விழுந்ததும் யார் முன்னால் என்பதுதான் கேள்வி. கால் மைல், அதாவது 402 மீட்டர், அதற்குமேல் யாரும் கணக்குப் போடவில்லை.

இப்போது கணக்குப் போடுகிறவர்கள் வேறு வயதில் இருக்கிறார்கள். 1970இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. மிச்சிகனின் குளிருக்குத் தப்பி, ஐ-75 நெடுஞ்சாலையில் ஃபுளோரிடா வரை இறங்கிப் போகிறவர்கள் அங்கே நிறையப் பேர். அந்தச் சாலை பியூக் வளர்ந்த ஃபிளின்ட் நகரை ஒட்டியே போகிறது. பழைய காரைப் பளபளவென்று திருப்பி எடுத்த பிறகு அவர்கள் கேட்பது வேகத்தை அல்ல, காது வலிக்காத பயணத்தை.

*

சூத்திரம் ஒன்றுதான். மணிக்கு எத்தனை மைல் என்பதை ஆக்சில் விகிதத்தால் பெருக்கு. அதை 336ஆல் பெருக்கு. டயரின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதால் வகு. வருவது எஞ்சின் சுழலும் வேகம்.

டயர் 26.5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். டாப் கியர் நேர் விகிதம். 70 மைலுக்கு, அதாவது 113 கிலோமீட்டருக்கு, 3.64 ஆக்சிலோடு 3230 வருகிறது. எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டரின் வழுக்கலையும் சேர்த்தால் 3300ஐத் தாண்டிவிடும். முழு முறுக்கு விசை கிடைக்கும் இடத்தையும் தாண்டி ஐந்நூறு சுற்று மேலே, மணிக்கணக்காக, ஒன்றுக்கும் உதவாமல் சுழன்றுகொண்டிருக்கிறது அந்த எஞ்சின்.

ஒன்றுக்கும் உதவாமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவான, முகம் தட்டையான இந்தக் காரைச் சமதளத்தில் 70 மைலில் தள்ளிக்கொண்டு போக, காற்றின் தடையையும் டயரின் உராய்வையும் சேர்த்து ஏறத்தாழ 36 குதிரைத்திறன் போதும். எஞ்சினுக்குக் கம்பெனி எழுதிய கணக்கு 350. ஆக, பயணம் முழுவதும் பத்தில் ஒரு பங்கு பலத்தைத்தான் கேட்கிறோம். மீதி ஒன்பது பங்கும் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஆனால் சத்தத்தை மட்டும் முழுதாகப் போடுகிறது.

*

நான்கு வீச்சு வி8 எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு சிலிண்டர்கள் வெடிக்கும். எனவே ஆர்.பி.எம்.மைப் பதினைந்தால் வகுத்தால் அந்த எஞ்சினின் அடிப்படை ஒலியின் அதிர்வெண் வந்துவிடும். 3230க்கு 215 ஹெர்ட்ஸ்.

இதே ஆக்சிலோடு ஓவர்டிரைவ், அதாவது நேர் விகிதத்துக்கும் தாழ்ந்த ஒரு கியர், உள்ள கியர்பாக்ஸை வைத்தால்? 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 200-4ஆர் என்ற நான்கு வேக ஆட்டோமேட்டிக்கில் நான்காவது கியர் 0.67. எஞ்சின் 2165க்கு இறங்கும், ஒலி 144 ஹெர்ட்ஸுக்கு.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். 0.67 என்பது மூன்றில் இரண்டு. மூன்றுக்கு இரண்டு என்பது பஞ்சமத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள உறவு. மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாறும் அந்தக் கணத்தில் எஞ்சின் பஞ்சமத்தை விட்டு ஆதார ஷட்ஜத்தில் வந்து உட்காருகிறது. கியர்களின் பற்களை எண்ணி முடிவு செய்த பொறியாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஓட்டுகிறவரின் தோள் தளர்வது அந்த இடத்தில்தான்.

இதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டியான 700ஆர்4இல் ஓவர்டிரைவ் 0.70. அது இறக்கும் தூரம் பிரதி மத்யமத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். பஞ்சமத்துக்கு எட்டாது. இதை வைத்து யாரும் கியர்பாக்ஸ் வாங்கப்போவதில்லை. காதுள்ளவர்களுக்காகக் குறித்து வைக்கிறேன்.

*

கன்வெர்ட்டரைப் பற்றிப் பேசாமல் கியரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதியைத்தான் பேசுகிறார்கள்.

அதன் பிறப்பு கப்பலில். நீராவி டர்பைன் வெகுவேகமாகச் சுழலும், ப்ரொப்பெல்லரோ நிதானமாகச் சுழன்றால்தான் தண்ணீரைப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே என்ன வைப்பது என்ற சிக்கலுக்கு, ஸ்டெட்டின் நகரின் வல்கன் கப்பல் தளத்தில் இருந்த ஹெர்மான் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905இல் காப்புரிமை வாங்கிய விடை இது: பல் இல்லாமல், திரவத்தாலேயே விசையைக் கடத்துவது.

காருக்கு வந்தபோதும் அடிப்படை மாறவில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்ப் ஆயிலை வீசுகிறது. எதிரே இருக்கும் டர்பைன் அந்த வீச்சை வாங்கிக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிறது. திரும்பி வரும் ஆயிலை நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் மடக்கி, பம்ப்புக்கு உதவியாகத் திருப்பி அனுப்புகிறது. இந்த மடக்கல்தான் மாயம். கார் நின்ற இடத்தில் இருந்து புறப்படும்போது எஞ்சின் கொடுத்த விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கியர்பாக்ஸுக்குப் போகிறது. வேகம் கூடி, பம்ப்பும் டர்பைனும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சுழலத் தொடங்கியதும் ஸ்டேட்டர் தன் பிடியை விட்டு அதுவும் கூடவே சுழலும். பெருக்கல் நின்றுவிடும், சிறு வழுக்கல் மட்டும் மிஞ்சும்.

பியூக்குக்கு இந்தப் பொருளின் மீது ஒரு தனிப் பிரியம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஃபிளின்ட்டில் தயாரித்த எம்18 ஹெல்கேட் என்ற டாங்கி எதிர்ப்பு வண்டியில் அவர்கள் கன்வெர்ட்டரை வைத்திருந்தார்கள். 1948இல் ரோட்மாஸ்டர் காரில் டைனாஃப்ளோ வந்தது. அதில் கியர் மாறுவதே கிடையாது. நின்ற இடத்திலிருந்து புறப்படுவதும் நேர் விகிதத்தில்தான், எல்லாப் பெருக்கலையும் ஆயிலே பார்த்துக்கொண்டது. சோம்பலான வண்டி என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். நெடுஞ்சாலையில் அதன் வழவழப்பைப் பழித்தவர்கள் குறைவு.

*

ஸ்டால் வேகம் என்ற எண்ணைச் சுற்றி இருக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

கார் நகராமல் பிரேக்கில் நிற்க, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் ஓர் எல்லை வரை ஏறி அங்கேயே நின்றுவிடும். அதுதான் ஸ்டால். பெரிய விட்டமுள்ள கன்வெர்ட்டரில் அது தாழ்வாக இருக்கும், சிறியதில் உயரமாக. கார்ப் பந்தயக்காரர்களுக்கு உயர்ந்த ஸ்டால் பிடிக்கும். புறப்படும்போதே எஞ்சின் தன் பலத்தின் நடுவில் நிற்கும்.

பலரும் நினைப்பது: 2800 ஸ்டால் வாங்கினால் 2800க்குக் கீழே கார் நகராது, 2165இல் பயணம் போனால் கன்வெர்ட்டர் முழுக்க வழுக்கிக்கொண்டே இருக்கும். இது சரியல்ல. அந்த எண் கன்வெர்ட்டருக்கு மட்டும் சொந்தமானது அல்ல, அதற்குள் வரும் விசையையும் பொறுத்தது. விசை குறைந்தால் ஸ்டாலும் குறையும், விசையின் வர்க்கமூலத்தின் விகிதத்தில்.

நமது பியூக்கில் வைத்துப் பார்ப்போம். 510 பவுண்டு-அடி பாயும்போது 2800 ஸ்டால் காட்டும் ஒரு கன்வெர்ட்டர். 36 குதிரைத்திறனை 2165 ஆர்.பி.எம்.மில் கொடுக்க எஞ்சினுக்குத் தேவையான விசை 87 பவுண்டு-அடி. 510இல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. வர்க்கமூலம் எடுத்தால் அந்த நேரத்துக்கு அந்தக் கன்வெர்ட்டரின் ஸ்டால் சுமார் 1150தான். எஞ்சின் அதைவிட ஆயிரம் சுற்று மேலே போய்க்கொண்டிருக்கிறது. சமதளத்தில் கன்வெர்ட்டர் அமைதியாகவே பிடித்திருக்கும்.

ஏற்றம் வரட்டும். ஐ-75 கென்டக்கியைக் கடந்து டென்னசிக்குள் நுழையும்போது ஜெலிகோ மலையில் ஏறும். அங்கே ஒரு லாரியை முந்தப் பாதி விசை, 255 பவுண்டு-அடி, கேட்கிறோம் என்றால் ஸ்டால் 1980க்கு வந்துவிடுகிறது. 2165இல் போய்க்கொண்டிருந்த எஞ்சினின் காலடிக்குக் கீழேயே நிற்கிறது அது. இப்போதுதான் வழுக்கல் தொடங்கும். எஞ்சின் சத்தம் 2600, 2700 என்று ஏறும், கார் ஏறாது. வழுக்கியதெல்லாம் ஆயிலில் வெப்பமாகும். சமதளத்தில்கூட 36 குதிரைத்திறனில் 8 சதவீதம் வழுக்கினால் 2 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் ஓயாமல் ஆயிலுக்குள் போகிறது. மலையில் அது எத்தனை மடங்கு ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களைக் கொல்வது பலத்தைவிட வெப்பமே.

இதில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. ஓவர்டிரைவ் இல்லாத பழைய அமைப்பில், 3230இல் சுழலும் எஞ்சினுக்கு அதே 36 குதிரைத்திறனைக் கொடுக்க 58 பவுண்டு-அடி போதும். அங்கே கன்வெர்ட்டரின் தளர்ச்சி வெளியே தெரியாது. சுழற்சியைக் குறைத்தால் விசையைக் கூட்டியாக வேண்டும், விசையைக் கூட்டினால் கன்வெர்ட்டர் தளர்ந்துபோகும். கியரை மட்டும் மாற்றினேன் என்று யாரும் சொல்ல முடியாது. மாற்றிய அந்த நிமிடமே கன்வெர்ட்டரின் குணமும் மாறிவிட்டது.

*

இந்தச் சண்டையைத் தீர்க்கிறது லாக்-அப். கன்வெர்ட்டருக்குள்ளேயே ஒரு கிளட்ச் தகடு. வேகம் நிதானப்பட்டதும் அது போய் ஒட்டிக்கொள்ளும். ஆயிலைத் தாண்டி இரும்பு இரும்பைப் பிடிக்கும். வழுக்கல் பூஜ்யம். பேக்கார்டு 1949இலேயே தன் அல்ட்ராமேட்டிக்கில் இதை வைத்திருந்தது. பிறகு இந்த யோசனை அமெரிக்காவில் வெகுகாலம் தூங்கி, 1978இல் கிரைஸ்லர் திரும்ப எழுப்பியது.

லாக்-அப் பிடிக்கும் கணத்தைக் கேட்க முடியும். 5 சதவீத வழுக்கல் அடங்கினால் ஒலி அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். அதனால்தான் நான்கு வேகப் பெட்டியை ஓட்டுகிறவர்கள் பலர் ஐந்தாவது கியர் விழுந்தது என்று சொல்கிறார்கள்.

200-4ஆரில் அதற்கு ஒரு சோலினாய்டு, 12 வோல்ட், பிரேக் மிதித்தால் விடுபட ஒரு சுவிட்ச், ஆக்ஸிலேட்டரை ஆழமாக மிதித்தால் விடுபட ஒரு வேக்குவம் சுவிட்ச். இந்தக் கடைசி சுவிட்ச்சை எங்கே வைத்துத் திருகுகிறோம் என்பதில்தான் ஜெலிகோ மலையின் நிம்மதி இருக்கிறது. சின்ன ஏற்றத்துக்கெல்லாம் பிடியை விட்டால் லாக்-அப் இருந்தும் இல்லாத மாதிரி. கடைசி வரை விடாமல் பிடித்திருந்தால் முழு மிதியில் அந்த ஒற்றைத் தகடு கருகும்.

*

ஒரு முரண். ஜிஎஸ் 455 போன்ற மஸில் கார்களைக் காப்பாற்ற வந்த ஓவர்டிரைவ் பெட்டி மஸில் கார்களுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. 1974 ஜனவரியில் நிக்ஸன் 55 மைல் வேக வரம்பில் கையெழுத்திட்டார். 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. 1978 மாடல்களிலிருந்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சராசரி மைலேஜ் இலக்கு. பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் நெருக்கடியில் பிறந்தது 200-4ஆர். பெரிய செடான்களிலும் ஸ்டேஷன் வேகன்களிலும் சத்தமில்லாமல் உழைத்தது. பிறகு பியூக்கே அதை எடுத்து, டர்போ பூட்டிய கிராண்ட் நேஷனலுக்குப் பின்னால் வைத்து, அந்த வகையின் கடைசி வருடமான 1987 வரை ஓட்டியது.

ஜிஎஸ் 455இல் 1970இல் வந்த டிஎச்400 பெட்டியை எடுத்துவிட்டு இதைப் பொருத்தினால் தாங்கி உட்காரும் இடம் ஏறக்குறைய அதே இடம். பியூக் எஞ்சினின் போல்ட் வரிசைக்கும் பொருந்தும். பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. சாதாரண செடானிலிருந்து கழற்றிய பெட்டி 510 பவுண்டு-அடியின் முன் நிற்காது; உள்ளுறுப்புகளைப் பலப்படுத்தியே தீர வேண்டும். செலவு அதிகம்தான்.

செலவு வேண்டாம் என்பவருக்கு மூத்த வழி ஒன்று இருக்கிறது. பெட்டியைத் தொடாமல் ஆக்சிலை 2.93க்கு மாற்றுவது. 70 மைலில் 2600. புறப்படும் வேகம் கொஞ்சம் மந்தமாகும்: முதல் கியரின் 2.48ஐ ஆக்சிலோடு பெருக்கிப் பார்த்தால் 9.03 இருந்தது 7.27 ஆகிறது. இழந்ததில் கொஞ்சத்தைச் சற்றே தளர்வான கன்வெர்ட்டர் திருப்பித் தரும். டைனாஃப்ளோ காட்டிய வழிதான் இது. 2600இல் எஞ்சின் அதிகம் வேலை செய்யாததால் லாக்-அப் இல்லாத குறையும் பெரிதாகத் தெரியாது. 510 பவுண்டு-அடி உள்ள காரில் இதற்கு நான் முகம் சுளிக்க மாட்டேன்.

பியூக் 1965 முதல் 1967 வரை தன் 400 வரிசைப் பெட்டியில் இறக்கையின் கோணம் மாறும் ஸ்டேட்டரை வைத்திருந்தது. நிற்கும்போதும் முழு மிதியிலும் தளர்ந்த கன்வெர்ட்டர், பயணத்தில் இறுகிய கன்வெர்ட்டர், இரண்டும் ஒரே ஓட்டுக்குள், ஒரு சோலினாய்டின் சொடுக்கில். 1970இல் அதற்கு வேலை வந்தபோது அது கையில் இல்லை. விட்டது பெரிய இழப்பு என்பது என் எண்ணம்.

*

சுழற்சி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சுகம் என்று நினைக்க வேண்டாம். 200-4ஆரோடு 3.23 ஆக்சிலையும் போட்டால் 70 மைலில் 1920 வரும். கம்பெனி கேம்ஷாஃப்ட் உள்ள 455 அதையும் சிரமமில்லாமல் இழுக்கும். ஆனால் பந்தயக் கேம் போட்ட எஞ்சின் அந்த இடத்தில் இருமும், முன்னும் பின்னும் உலுக்கும். அதற்கு 2500க்கு மேல்தான் மூச்சு சீராகும். சைலன்சரும் பேசும். பல கார்களில் இந்தச் சுழற்சியை ஒட்டித் தரைத்தகட்டையே அதிர வைக்கும் ஓர் உறுமல் உண்டு, சற்று மேலே போனால் அது மறைந்துவிடும். அந்த உறுமலின் நடுவில் கொண்டுபோய்ப் பயணத்தை நிறுத்துவதற்கா இத்தனை செலவு? டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் அட்வான்ஸைக் கழற்றி எறிந்தவர்கள் அதைத் திரும்ப மாட்டட்டும், நிதானமான மிதியில் எஞ்சின் இனிமையாக ஓடுவதற்கு அது வேண்டும்.

ஆக்சில் எண்ணை முதலில் தேர்ந்துகொண்டு மீதியை அதற்கு ஏற்பத் தேடுவதுதான் வழக்கம். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் எஞ்சின் எங்கே மகிழ்ச்சியாக இருக்கிறது என்று கேளுங்கள். காலி சாலையில் பல வேகங்களில் மூன்றாவது கியரிலேயே நிதானமாக ஓட்டி, டாக்கோமீட்டரைப் பார்த்துக் குறித்தால் ஒரு மாலையில் தெரிந்துவிடும். அந்த எண்ணை 70 மைலில் கொண்டுவந்து உட்கார வைக்கும் கியரைப் பிறகு தேடுங்கள். அந்தச் சுழற்சியில், அந்த விசையில் இறுகிப் பிடிக்கும் கன்வெர்ட்டரைக் கடைசியில் தேடுங்கள். புறப்படும் பாய்ச்சலை இவ்வளவு பெரிய எஞ்சின் தானே பார்த்துக்கொள்ளும்.

மாற்றங்கள் செய்யாத 455க்கு என் தீர்ப்பு: ஆக்சிலை 3.64இலேயே விடலாம். பலப்படுத்திய 200-4ஆர், 2200இலிருந்து 2400 வரை ஸ்டால் உள்ள லாக்-அப் கன்வெர்ட்டர், ரேடியேட்டருக்கு வெளியே தனியாக ஓர் ஆயில் கூலர். 2800 ஸ்டால் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். கார்ப்பரேட்டரிலிருந்து 200-4ஆருக்குப் போகும் டிவி கேபிள் என்ற கம்பிதான் பெட்டியின் உள் ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. 1970ஆம் வருட குவாட்ராஜெட் கார்ப்பரேட்டரின் நெம்பு அந்தக் கம்பிக்காகச் செய்யப்பட்டதல்ல, அதற்கென்று தனி அடாப்டர் வாங்க வேண்டும். கம்பி தளர்வாக இருந்தால் அழுத்தம் குறையும், கிளட்ச்சுகள் வழுக்கிக் கருகிவிடும், புதுப் பெட்டி சில மைல்களிலேயே போய்விடும். அதை அழுத்தமானி வைத்துச் சரிபார்க்காமல் வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள்.